ஜெர்பில் வளர்ப்பு

ஜெர்பில் வளர்ப்பு என்பது ஜெர்பில் எனப்படும் சிறு கொறிணிகளை வீட்டில் செல்லப் பிராணிகளாகப் பேணுவதைக் குறிக்கும். ஜெர்பில்கள் எலிக் குடும்பத்தின் ஜெர்பிலினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பாலூட்டிகள் ஆகும். இத்துணைக்குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் மங்கோலிய ஜெர்பில் என்ற ஓர் இனமே. இது வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டிக் குடும்பமாக வாழும் விலங்கு. ஆகவே தோண்டுவதற்கு ஆழமான படுக்கைப்பொருள், உலர்ந்த காற்று, தன் இனத் துணை ஆகிய மூன்றும் இதற்கு இன்றியமையாதவை. தாம்பரம், வண்டலூர், பல்லாவரம், வேளச்சேரி முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் வெப்பமும் ஈரப்பதமும் மிக்க சூழலில் இவற்றை நிறைவு செய்வதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகின்றது.

பெயர்

ஜெர்பில் என்ற சொல் ஜெர்போவா என்னும் பாலைவனக் கொறிணியின் பெயரிலிருந்து பிறந்த குறுமைப்பெயர் ஆகும். ஜெர்போவா என்பதன் மூலம் அரபு மொழியில் உள்ளது.

தமிழில் இவ்விலங்கைக் குறிப்பதில் ஒரு குழப்பம் உள்ளது. வயல்வெளிகளில் வாழும் இந்திய ஜெர்பில், அதன் வெண்ணிற வயிற்றின் காரணமாக வெள்ளெலி எனப்படுகின்றது. அதே பெயர் ஹாம்ஸ்டரையும், ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலியையும் சுண்டெலியையும் குறிக்கவும் பயன்படுகின்றது. இவை வெவ்வேறு விலங்குகள் என்பதோடு, இவற்றை வளர்க்கும் முறைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழ்வது. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் இட்டால் அவை போரிட்டு மடியக்கூடும். மங்கோலிய ஜெர்பிலோ தனித்து விடப்பட்டால் நலிவுறும். வெள்ளெலி என்ற பெயரை மட்டும் கொண்டு ஒன்றின் வளர்ப்பு முறையை மற்றொன்றுக்குப் பின்பற்றுவது விலங்குக்குத் தீங்காக முடியும்.

இவற்றைப் பின்வரும் அடையாளங்களால் வேறுபடுத்தி அறியலாம்:

* ஜெர்பில்: உடலளவுக்கு நீண்ட, மயிரடர்ந்த வால், வால் நுனியில் குஞ்சம், பெரிய கண்கள், நீண்ட பின்னங்கால்கள், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் இயல்பு.
* ஹாம்ஸ்டர்: மிகக் குட்டையான வால், உணவைச் சேர்த்து வைக்கும் கன்னப் பைகள், உருண்டையான உடல்.
* வெள்ளை எலி, வெள்ளைச் சுண்டெலி: மயிரற்றது போன்று தோன்றும் செதில் வால்; பெரும்பாலும் சிவந்த கண்கள்.

மங்கோலிய ஜெர்பில்

மங்கோலிய ஜெர்பிலின் அறிவியற் பெயர் மெரியோனஸ் அங்குயிகுலேட்டஸ். மங்கோலியா, வடசீனா, அவற்றை ஒட்டிய உருசியப் பகுதிகள் ஆகியன இதன் தாயகம். தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 11 முதல் 13 செ.மீ. நீளமும், வால் அதற்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்டவை. வளர்ந்த விலங்கு பொதுவாக 60 முதல் 100 கிராம் வரை எடையுள்ளது. ஆண் பெண்ணைவிடச் சற்றுப் பெரியது. வளர்ப்பில் 3 முதல் 4 ஆண்டுகள் வாழும்.

பிரெஞ்சு மதகுருவும் இயற்கையியலாளருமான அர்மான் டேவிட் வடசீனாவில் இவற்றைச் சேகரித்துப் பாரிசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1867-இல் அல்போன்சு மில்ன்-எட்வர்ட்சு இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டார். 1935-இல் அமுர் ஆற்றுப் படுகையில் பிடிக்கப்பட்ட 20 இணைகள் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆய்வகங்களில் பெருக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த 11 இணைகளை 1954-இல் விக்டர் சுவெண்ட்கர் ஐக்கிய அமெரிக்காவுக்குத் தருவித்தார். 1964-இல் அங்கிருந்து பிரித்தானியாவுக்குச் சென்றன. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் ஜெர்பில்களில் மிகப் பெரும்பாலானவை இச்சிறு தொகுதியின் வழித்தோன்றல்களே.

இந்திய ஜெர்பில்

இந்தியாவில் இயற்கையாக வாழும் ஜெர்பில் இனங்களுள் மிகப் பரவலானது இந்திய ஜெர்பில் ஆகும். தடேரா இண்டிகா என்ற அறிவியற் பெயர் கொண்ட இதனை 1807-இல் ஆர்ட்விக் விவரித்தார். மேற்காசியாவிலிருந்து இந்தியா, இலங்கை வரை இது காணப்படுகின்றது. மங்கோலிய ஜெர்பிலைவிட உருவில் பெரியது. மணல் கலந்த பழுப்பு நிற முதுகும், வெண்ணிற வயிறும், நுனியில் கருங்குஞ்சமுள்ள நீண்ட வாலும் உடையது. இரவில் நடமாடும். வறண்ட புதர்நிலங்களிலும் தரிசுகளிலும் வயல் ஓரங்களிலும் வளை தோண்டி வாழும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வாழும் இருளர் மக்கள் எலி வளைகளை அடையாளம் கண்டு தோண்டுவதில் தேர்ச்சி பெற்றவர்கள். எலிகளை உணவாகக் கொள்வதுடன், சில எலியினங்கள் வளைகளில் சேர்த்து வைத்திருக்கும் நெல்லையும் எடுத்துக்கொள்வது இவர்களது வழக்கமாக இருந்துவந்துள்ளது. 1978-இல் வடநெம்மேலியை மையமாகக் கொண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, நச்சு மருந்துகளுக்கு மாற்றாக இருளரைக் கொண்டு வயல் எலிகளைப் பிடிக்கும் திட்டமும் 1980களில் இப்பகுதியில் செயற்படுத்தப்பட்டது.

இந்திய ஜெர்பிலைப் பிடித்து வந்து வீட்டில் வளர்ப்பது ஏற்றதன்று. தீபகற்ப இந்தியாவில் கொள்ளை நோய்க் கிருமியைக் காட்டுச் சூழலில் தாங்கி நிற்கும் விலங்குகளுள் இதுவும் ஒன்றென அறியப்பட்டுள்ளது. இதன் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகள் வேறு நோய்களையும் பரப்பக்கூடும். மேலும், இது பல தலைமுறைகளாக மனிதரிடம் பழகிய விலங்கன்று. அடைபட்ட நிலையில் அச்சத்தால் கடிக்கும், தன்னையும் காயப்படுத்திக்கொள்ளும். செல்லப் பிராணியாக வளர்ப்பதற்கு, வளர்ப்பிலேயே பிறந்த மங்கோலிய ஜெர்பிலே உகந்தது.

துணையின் தேவை

இயற்கையில் மங்கோலிய ஜெர்பில்கள் குடும்பக் குழுக்களாக வாழ்கின்றன. குழுவில் பொதுவாக ஓர் இணை மட்டுமே குட்டி ஈனும். ஏனையவை அவ்விணையின் பிள்ளைகள். இவை ஒன்றாக உறங்கி, ஒன்றையொன்று கோதி, சேர்ந்தே வளை தோண்டி, உணவைச் சேமிக்கின்றன. ஆபத்தை உணர்ந்தால் பின்னங்கால்களால் தரையைத் தட்டி ஏனையவற்றுக்கு அறிவிக்கும். குழுவின் உறுப்பினர்கள் ஒன்றையொன்று மணத்தால் அடையாளம் காண்கின்றன. வயிற்றின் நடுவில் உள்ள சுரப்பியைப் பொருள்கள் மீது தேய்த்துத் தம் மணத்தைப் பதிக்கும்.

எனவே ஜெர்பிலைத் தனியாக வளர்த்தல் கூடாது. மனிதர் எவ்வளவு நேரம் செலவிட்டாலும், இரவும் பகலும் விட்டுவிட்டு விழித்தெழும் இவ்விலங்குக்கு அது முழுமையான மாற்றாகாது. ஒரே ஈற்றில் பிறந்த ஒரே பாலைச் சேர்ந்த இரண்டை வாங்குவதே மிகப் பாதுகாப்பான முறையாகும். இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒற்றுமையாக வாழும். மூன்றுக்கு மேற்பட்ட குழுக்களில், குறிப்பாகப் பெண் குழுக்களில், வளர்ந்தபின் பிளவு ஏற்பட்டுப் பலவீனமானது துரத்தப்படுவதுண்டு. கூண்டிலிருந்து வெளியேற வழியில்லாததால் அத்துரத்தல் உயிரிழப்பில் முடியலாம்.

ஆணையும் பெண்ணையும் சேர்த்து வளர்த்தால் இனப்பெருக்கத்தைத் தவிர்க்க இயலாது. கருக்காலம் 24 முதல் 26 நாட்கள். ஓர் ஈற்றில் சராசரியாக ஐந்து குட்டிகள் பிறக்கும். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் மீண்டும் கருவுறக்கூடும். குட்டிகள் சுமார் மூன்று மாதங்களில் பருவமடைகின்றன. ஆகவே குட்டிகள் அனைத்துக்கும் வீடு தேட இயலாதவர்கள் ஒரே பால் இணையையே வளர்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் பாலை நம்பிவிடாமல் சரிபார்ப்பது நன்று. ஆணில் மலவாய்க்கும் சிறுநீர்த் துளைக்கும் இடையேயுள்ள தூரம் பெண்ணில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கூடுதலாக இருக்கும்.

அறிமுகமற்றவற்றை இணைத்தல்

வளர்ந்த, ஒன்றையொன்று அறியாத இரு ஜெர்பில்களை நேரடியாக ஒரே கூண்டில் விட்டால் அவை எதிரிக் குழுவினராகக் கருதிக் கடுமையாகப் போரிடும். இதனைத் தவிர்க்கப் பிரிந்த கூண்டு முறை பின்பற்றப்படுகின்றது.

# ஒரு தொட்டியைச் சிறுகண் கம்பிவலையால் இரண்டாகத் தடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக விட வேண்டும். வலையின் அடியிலோ ஓரத்திலோ நுழைய வழி இருத்தல் கூடாது.
# நாளொன்றுக்கு ஓரிரு முறை இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். இதனால் ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழகும்.
# ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் கழிந்து, வலையைக் கடிப்பதும் சீறுவதும் நின்று, வலையின் இருபுறமும் அடுத்தடுத்து உறங்கத் தொடங்கியபின் வலையை நீக்கலாம்.
# வலை நீக்கிய முதல் சில மணி நேரம் அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும். ஒன்றையொன்று கோதுவது நல்ல அறிகுறி. இரண்டும் பந்துபோல் பின்னிப் புரண்டால் உடனடியாகப் பிரிக்க வேண்டும். அப்போது வெறுங்கையை இடையில் விடலாகாது. தடித்த கையுறையோ அட்டையோ பயன்படுத்தல் வேண்டும்.

குருதி வருமளவு போரிட்ட இணையை மீண்டும் சேர்க்க முயல்வது பொதுவாகப் பயனளிப்பதில்லை. இணையில் ஒன்று இறந்தபின் எஞ்சியது சோர்ந்து, உண்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு அதே பாலைச் சேர்ந்த இளங்குட்டி ஒன்றை மேற்கண்ட முறையில் துணையாக்கலாம். மிக முதிர்ந்த விலங்காயின் அதனை அமைதியாக வாழவிட்டு, கூடுதல் நேரம் அதனுடன் செலவிடுவதும் ஏற்கத்தக்கதே. எலி, ஹாம்ஸ்டர் முதலிய பிற விலங்குகளை ஜெர்பிலுக்குத் துணையாக விடுதல் கூடாது.

இருப்பிடம்

பறவைகளுக்கான கம்பிக் கூண்டு ஜெர்பிலுக்கு ஏற்றதன்று. தோண்டும்போது படுக்கைப்பொருள் வெளியே சிதறும். கம்பிகளைக் கடித்து மூக்கும் புண்படும். நெகிழிப் பெட்டியை எளிதில் கொறித்து வெளியேறிவிடும். மேற்புறம் கம்பிவலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியே சிறந்தது. சென்னையில் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலும், புறநகர்களின் மீன் கடைகளிலும் இத்தகைய தொட்டிகள் கிடைக்கின்றன. ஓர் இணைக்கு ஏறத்தாழ 100 செ.மீ. நீளமும், 40 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி போதுமானது. மூடி முழுவதும் காற்றோட்டமுள்ள வலையாக இருத்தல் வேண்டும். கண்ணாடி மூடி ஈரத்தை உள்ளே தேக்கும்.

படுக்கைப்பொருள் குறைந்தது 20 முதல் 30 செ.மீ. ஆழம் இடப்பட வேண்டும். ஆழமற்ற கூண்டில் வளரும் ஜெர்பில்கள் மூலையில் இடைவிடாது பறண்டும் பழக்கத்துக்கு ஆளாகின்றன. தோண்டுவதற்கு மணல் கொடுத்தால் மட்டும் இப்பழக்கம் நீங்குவதில்லை என்றும், சுரங்கவழி கொண்ட இருண்ட வளை கிடைக்கும்போதே அது தோன்றாதிருக்கின்றது என்றும் 1990களில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டின.

உள்ளூரில் கிடைக்கும் பொருள்களின் தன்மை வருமாறு:

* அச்சிடாத தாள் துண்டுகளும் நறுக்கிய உலர் வைக்கோலும் கலந்த கலவை: சுரங்கம் இடிந்து விழாமல் நிற்கும், நன்கு ஏற்றது. வைக்கோலில் பூசணம் இல்லாதிருத்தல் வேண்டும்.
* மரத்தூள்: நுண்தூசி மூச்சுக்குழலைப் பாதிக்கும். தச்சுப் பட்டறைத் தூளில் மெருகெண்ணெய், கறையான் மருந்து முதலியன கலந்திருக்கலாம், தவிர்க்க வேண்டும்.
* தேங்காய் நார்த் தூள்: ஈரத்தை உறிஞ்சித் தக்கவைக்கும் இயல்புடையதால் இப்பகுதிக்கு உகந்ததன்று.
* செய்தித்தாள்: மை படியும், அடித்தளத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

உறங்குவதற்குச் சிறு மண்பானையைப் பக்கவாட்டில் புதைத்து வைக்கலாம். மண்பானை கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். தேங்காய்ச் சிரட்டை, கொய்யாக் கிளைகள், சாயமற்ற அட்டைக் குழாய்கள் ஆகியன கொறிப்பதற்கு உதவும். வாழ்நாள் முழுவதும் வளரும் முன்பற்களைத் தேய்த்துக்கொள்ளக் கொறித்தல் இன்றியமையாதது. ஓடுவதற்கான சக்கரம் வைத்தால் இடைவெளியற்ற தளம் கொண்டதாக இருத்தல் வேண்டும். கம்பிச் சக்கரத்தில் வால் சிக்கித் தோல் உரியும். மயிரின் எண்ணெய்ப்பசையைப் போக்கச் சலித்த உலர் மணலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் அதில் புரளும். ஜெர்பிலை நீரில் குளிப்பாட்டலாகாது.

பாலைநில விலங்காதலால் இதன் சிறுநீர் மிகக் குறைவு. எனவே நனைந்த பகுதியை மட்டும் அவ்வப்போது நீக்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை படுக்கையில் ஒரு பகுதியை மாற்றினால் போதும். முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குழுவின் மணம் அழிந்து, இணைக்குள் சண்டை மூளக்கூடும்.

உணவு

சிறுதானியங்களே அடிப்படை உணவு. தினை, சாமை, கம்பு, குதிரைவாலி, கோதுமை, ஓட்சு ஆகியவற்றைக் கலந்து, ஒரு விலங்குக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி அளவு கொடுக்கலாம். உணவைக் கிண்ணத்தில் இடாமல் படுக்கையில் தூவினால் தேடி உண்ணும் இயல்புக்கு வாய்ப்பு கிடைக்கும். சூரியகாந்தி விதையை மிக விரும்பி உண்ணும். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி, கால்சியம் குறைவு என்பதால் நாளுக்கு ஒன்றிரண்டு போதும். புரதத்துக்கு வாரம் ஓரிரு முறை சிறிதளவு அவித்த முட்டை தரலாம். கேரட், வெள்ளரி, கொத்தமல்லித் தழை ஆகியவற்றை நகத்தளவு தரலாம். மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகைகள், சாக்லேட், பொரித்த தின்பண்டங்கள் ஆகியவற்றைத் தரலாகாது.

பாலைநில விலங்கென்பதால் நீர் தேவையில்லை என்று கருதுவது தவறு. உலர் உணவு உண்ணும் வளர்ப்பு ஜெர்பிலுக்கு எப்போதும் தூய நீர் இருத்தல் வேண்டும். குண்டு முனையுள்ள நீர்க்குப்பியைத் தொங்கவிடுவது நல்லது.

தென்சென்னைப் புறநகர்ச் சூழல்

வெப்பமும் ஈரப்பதமும்

மங்கோலிய ஜெர்பிலுக்கு 18 முதல் 24 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையும், 50 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரப்பதமும் உகந்தவை. சென்னையில் மே மாதத்தில் பகல் வெப்பநிலை 37 பாகையைத் தாண்டுவது வழக்கம். 2003 மே மாத இறுதியில் 45 பாகை பதிவானது. கடற்கரைக்கு அருகிலுள்ள பகுதியாதலால் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 60 விழுக்காட்டுக்கு மேலேயே உள்ளது. ஈரப்பதம் மிகுந்தால் ஜெர்பிலின் மயிர் எண்ணெய் வடிந்ததுபோல் குச்சிகுச்சியாக நிற்கும். மூக்கைச் சுற்றிப் புண்களும் தோன்றும்.

தொட்டியை மாடியின் மேல்தளத்து அறையிலோ, வெயில் படும் சன்னலருகிலோ வைக்கலாகாது. வெயில் படும் கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்தில் உயிர்கொல்லும் அளவு சூடாகும். வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, உள்ளே பளிங்குக்கல் அல்லது ஓட்டுத் துண்டு ஒன்றை இடலாம். மின்வெட்டின்போது நீர் உறைந்த குப்பியைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறத்தில் சாய்த்து வைக்கலாம். உடல் நீட்டிக் கிடத்தல், விரைந்த மூச்சு, வாயோரம் நனைதல் ஆகியன வெப்பத்தாக்கின் அறிகுறிகள். குளிரூட்டி இல்லாமல், வேனிலில் எந்த அறையும் 32 பாகைக்குக் கீழ் இறங்காத வீட்டில் ஜெர்பில் வளர்ப்பைத் தவிர்ப்பதே நன்று.

மழைக்காலமும் வெள்ளமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, படுக்கைப்பொருளில் பூசணம் பிடிக்கும். நனைந்த வைக்கோலை உடனுக்குடன் நீக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவானது; முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி உள்ளிட்ட பகுதிகளில் நீர் தேங்கியது. மண் நிறைந்த கண்ணாடித் தொட்டியை அவசரத்தில் தூக்க இயலாது. ஆதலால் தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் கம்பிவலைப் பயணப் பெட்டி ஒன்றையும், இரு வார உலர் உணவையும் முன்கூட்டியே எடுத்து வைத்தல் வேண்டும். வெவ்வேறு தொட்டிகளில் வாழும் இணைகளை இடநெருக்கடியால் ஒரே பெட்டியில் இடலாகாது. பழைய படுக்கையில் ஒரு கைப்பிடியை உடன் வைத்தால் தம் மணத்தை உணர்ந்து அமைதியடையும்.

பிற இடையூறுகள்

எறும்புகள் குட்டிகளைத் தாக்கும். தொட்டி நிற்கும் மேசையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது பயன்தரும். நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக் காடுகளை அடுத்த குடியிருப்புகளில் எலியைத் தேடிச் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் வீட்டுக்குள் வருவதுண்டு. மூடி இறுக்கமாக இருத்தல் வேண்டும். பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவை நோய் பரப்புவதால் அவை உணவுப் பெட்டியை அணுகாமல் காக்க வேண்டும். கொசுவர்த்திப் புகை படும் அறையில் தொட்டியை வைக்கலாகாது. தீபாவளி வெடியோசை வலிப்பைத் தூண்டக்கூடுமாதலால் அந்நாட்களில் உள்ளறைக்கு மாற்றுவது நலம்.

கையாளுதலும் உடல்நலமும்

ஜெர்பிலை இரு கைகளையும் கிண்ணம்போல் குவித்து அடியிலிருந்து எடுக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால்தோல் உரிந்து எலும்பு வெளிப்படும். உரிந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை. சிறு குழந்தைகள் பெரியோர் துணையின்றிக் கையாளலாகாது. கையாண்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

மங்கோலிய ஜெர்பில்களில் கணிசமானவற்றுக்குப் பிறவியிலேயே வலிப்பு ஏற்படும் இயல்பு உண்டு. திடீர் ஓசை, புதிய இடம் ஆகியவற்றால் உடல் விறைத்து நடுங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே தெளியும். அப்போது அதைத் தொடாமல் அமைதியாக விடுதல் வேண்டும். டிசர் நோய் எனப்படும் குடல், கல்லீரல் தொற்று இவ்வினத்தை எளிதில் தாக்கிக் கொல்லும்; வயிற்றுப்போக்கும் சோர்வும் கண்டால் தாமதிக்கலாகாது. முதிய விலங்குகளின் வயிற்றுச் சுரப்பியில் கட்டி தோன்றலாம். ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து ஜெர்பிலுக்கு நஞ்சாகும். ஆதலால் மருந்துக்கடையில் வாங்கித் தாமாகவே மருந்து கொடுக்கலாகாது. புறநகர்க் கால்நடை மருத்துவர்கள் பலர் நாய், பூனை, கால்நடைகளையே மிகுதியாகக் காண்பவர்கள். சிறு கொறிணிகளுக்குச் சிகிச்சையளிப்பவர் யாரென வாங்குவதற்கு முன்பே அறிந்து வைத்தல் நன்று. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் போதனா மருத்துவமனை உள்ளது.

சட்டமும் பொறுப்பும்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வளர்ப்பு விலங்குகளுக்கும் பொருந்தும். அதன்கீழ் 2018-இல் வகுக்கப்பட்ட செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, விற்பனைக் கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

தப்பிய ஜெர்பில்கள் வறண்ட நிலங்களில் பெருகிவிடும் என்ற அச்சத்தால் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, அவாய் மாநிலங்களில் இவற்றை வளர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. தென்சென்னையின் நிலை இதற்கு எதிரானது. ஈரமான இச்சூழலில் வெளியே விடப்படும் மங்கோலிய ஜெர்பில் காகம், பூனை, பாம்பு ஆகியவற்றுக்கு விரைவில் இரையாகும். அவ்வாறு அழியும் முன் உள்ளூர் எலிகளுக்கு நோயைக் கொடுக்கவும் கூடும். வளர்க்க இயலாமற் போனால், காட்டிலோ ஏரிக்கரையிலோ விடாமல், இணையைப் பிரிக்காமல் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* இந்திய ஜெர்பில்
* ஹாம்ஸ்டர்
* கொறிணி
* இருளர்
* தாம்பரம்